எதிர்ப்புச் சக்தி குறைந்தோரும் குடல் ஒட்டுண்ணிகளும்: ஒரே மலப் பரிசோதனை போதுமா?

கிராமங்களில் வயிற்றுப்போக்கு புதிய நோயன்று. மழை தொடங்கியதும் இரண்டொரு நாள் வயிறு போவதும், கஞ்சியும் உப்புச் சர்க்கரைக் கரைசலும் பருகித் தேறுவதும் எல்லா வீடுகளிலும் நிகழ்வனவே. திடமான உடல் தன் காவலைத் தானே செய்துகொள்கிறது. ஆனால் ஏதோ ஒரு காரணத்தால் அந்தக் காவல் தளர்ந்துபோன உடலில், இதே வயிற்றுப்போக்கு வாரக்கணக்கில் நீண்டு, ஆளை உருக்கி, சில சமயம் உயிரையும் வாங்கிவிடுகிறது. அப்படிப்பட்டவர் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குச் சென்று மலப் பரிசோதனை செய்துகொள்கிறார். ஒட்டுண்ணிகள் காணப்படவில்லை என்று சீட்டு வருகிறது. அதை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு, தமக்குப் புழு இல்லை என்று மன அமைதி அடைகிறார். அந்த மன அமைதி எவ்வளவு தூரம் நியாயமானது என்பதே இங்கு ஆராயவேண்டிய விஷயம்.

கள்ளக்குறிச்சிப் பகுதியை மனத்திற்கொண்டு இதை எழுதுகிறோம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான இப்பகுதியில் நெல்லும் கரும்பும் மரவள்ளியும் விளைகின்றன. மேற்கே கல்வராயன் மலை. அம்மலைமீது வெள்ளிமலை, கரியாலூர், சேராப்பட்டு முதலிய ஊர்களில், மலையாளி என்னும் பெயருடைய பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிட்டு வாழ்கிறார்கள். 1976ஆம் ஆண்டு வரை ஜாகீர்தார்களின் ஆதிக்கத்தில் இருந்த மலை அது. பாதையும் வைத்தியமும் சமவெளி ஊர்களைவிடக் காலந்தாழ்ந்தே அங்கு ஏறின. கீழே சேற்றிலும் கரும்புத் தோட்டத்திலும், மேலே கிழங்குக் கொல்லையிலும், வெறுங்காலுடன் மண்ணில் நின்று பாடுபடுவது நம் குடியானவர்களின் வழக்கம். அந்த வெறுங்காலுக்கும் நாம் எடுத்துக்கொண்ட விஷயத்திற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

காவல் தளர்ந்தோர் யார்?

எதிர்ப்புச் சக்தி குறைந்தோர் என்றவுடன் எச்.ஐ.வி. ஒன்றையே பலரும் நினைக்கிறார்கள். அதற்கும் காரணம் உண்டு. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டறியப்பட்டது 1986ஆம் ஆண்டில், நம் சென்னையிலேயே. டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி டாக்டர் நிர்மலாவும் அதைக் கண்டறிந்தனர். 2004ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அரசினர் இலவசக் கூட்டு மருந்து வழங்கத் தொடங்கியபின், அந்நோயாளர் பல்லாண்டு நலமாக வாழ முடிகிறது. ஆயினும் நோயைக் காலந்தாழ்த்தி அறிந்துகொண்டோரும், மருந்தை இடையில் நிறுத்தியோரும் இன்றும் உளர். அவர்களுக்கே குடல் ஒட்டுண்ணிகள் பெருந்தொல்லை தருகின்றன.

ஆனால் பட்டியல் அத்துடன் முடிவதில்லை. புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்வோர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்றோர், கட்டுக்கடங்காத நீரிழிவுடையோர், ஊட்டமின்றி மெலிந்த குழந்தைகள், மதுவினால் உடல் நைந்தோர் ஆகியோரும் இதில் அடங்குவர். இவர்களையெல்லாம்விடக் கிராமங்களில் மிகுதியாகவும், எவர் கண்ணிலும் படாமலும் இருப்போர் வேறொரு வகுப்பினர். ஆஸ்துமாவுக்கோ, மூட்டுவாதத்திற்கோ, தோல் நோய்க்கோ மாதக்கணக்கில் ஸ்டீராய்டு மருந்து உட்கொள்வோரே அவர்கள். டாக்டர் கொடுத்து உண்போர் தம் மருந்தின் பெயரையாவது அறிவர். தகுதியற்றோரிடம் வலிக்கு ஊசியும் பொடியும் வாங்கி உண்போர், தாம் உண்பது ஸ்டீராய்டு என்பதையே அறியார். ஸ்டீராய்டு உயிர் காக்கும் மருந்து. அதைப் பழிப்பது நம் நோக்கமன்று. இதைப் படித்துவிட்டு எவரும் அதைத் தாமாக நிறுத்திவிடவும் கூடாது. திடீரென நிறுத்துவதும் ஆபத்தே.

முப்பது ஆண்டு ஒளிந்திருக்கும் புழு

மண்ணிலிருந்து பாதத்தின் தோலைத் துளைத்து உட்புகும் புழுக்களில் கொக்கிப்புழுவை நம்மவர் அறிவர். இரத்தத்தை உறிஞ்சிச் சோகை உண்டாக்குவது அது. அதே வழியில் உட்புகும் மற்றொரு சிறு புழு உண்டு. ஸ்டிராங்கிலாய்ட்ஸ் என்பது அதன் பெயர். 1876ஆம் ஆண்டில், கொச்சின்சீனாவிலிருந்து தாயகம் திரும்பிய பிரெஞ்சுப் படைவீரர்களின் வயிற்றுப்போக்கை ஆராய்ந்தபோது அது கண்டறியப்பட்டது.

மற்றக் குடற்புழுக்களிற் பெரும்பாலானவற்றின் முட்டைகள் மலத்துடன் வெளியேறி மண்ணில் பக்குவமடைந்த பின்னரே மீண்டும் மனிதனைப் பற்ற முடியும். ஆகவே வெளியிலிருந்து புதுப் புழு வராவிட்டால், உள்ளே உள்ளவை சில ஆண்டுகளில் மடிந்து ஒழியும். ஸ்டிராங்கிலாய்ட்ஸ் அப்படியன்று. அதன் முட்டைகள் குடலிலேயே பொரிந்துவிடுகின்றன. குஞ்சுகளிற் பெரும்பாலானவை மலத்தோடு வெளியேறினாலும், சில உள்ளேயே பக்குவம் எய்தி, குடற்சுவரையோ ஆசனவாயைச் சுற்றிய தோலையோ துளைத்து மறுபடியும் உடலுக்குள் புகுகின்றன. ஒருமுறை நுழைந்த புழு இவ்வாறு வம்சத்தை விடாமல் ஆயுட்காலம் முழுவதும் குடியிருக்க இயலும்.

இதற்கு ஒரு சான்று சரித்திரத்தில் உண்டு. இரண்டாம் உலகப் போரில், 1942, 1943ஆம் ஆண்டுகளில், ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில் பாதை அமைத்தனர். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர் அங்கு மடிந்த கதை நம் மக்கள் அறிந்ததே. அதே பாதையில் வேலை செய்த பிரிட்டிஷ் போர்க் கைதிகள் நாடு திரும்பினர். முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு லிவர்பூல் நகர டாக்டர்கள் அவர்களைச் சோதித்தபோது, பலர் உடலில் இந்தப் புழு இன்னும் உயிருடன் இருந்தது. குளிர்நாட்டில் இருந்துகொண்டு வெறுங்காலுடன் மண்ணை மிதித்திராதவர்கள் அவர்கள். காட்டில் பிடித்த புழுவே விடாமல் தங்கியிருந்தது. தமிழ்த் தொழிலாளரில் பிழைத்து மீண்டோரை அவ்வாறு தேடிப் பிடித்துச் சோதித்தவர் இருந்தனரா என்று நினைக்கும்போது மனம் வருந்துகிறது.

எதிர்ப்புச் சக்தி நன்றாக உள்ளவரை இப்புழு கரைக்குள் அடங்கிய ஏரி நீரைப்போல இருக்கும். சிறிது வயிற்று வலி, எப்போதாவது பேதி, தொடையிலோ பிட்டத்திலோ நமைச்சலுடன் விரைந்து ஊரும் சிவந்த கோடு, இவ்வளவே அடையாளம். பலருக்கு இதுவும் இராது. ஸ்டீராய்டு மருந்து அந்தக் கரையை உடைத்துவிடுகிறது. புழுக்கள் ஆயிரக்கணக்கில் பெருகி நுரையீரலுக்கும் மற்ற உறுப்புகளுக்கும் பரவுகின்றன. குடலிலுள்ள கிருமிகளையும் தம்முடன் இரத்தத்திற்குள் இழுத்துச் செல்கின்றன. இந்நிலை வந்தபின் சிகிச்சை பெறாதவர் பிழைப்பது அரிது. 2020ஆம் ஆண்டில் கொரோனா நோய்க்கு டெக்சாமெதசோன் என்னும் ஸ்டீராய்டு உலகெங்கும் வழங்கப்பட்டபோது, இப்புழு உள்ள நாட்டினருக்கு அதைக் கொடுக்குமுன் கவனம் தேவை என்று டாக்டர்கள் எச்சரித்ததும் இதனாற்றான்.

நம் மலைகளில் இதற்கு இடம் உண்டா? கல்வராயன் மலையைப் போன்றே கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்ததும், மலையாளி மக்களே வாழ்வதுமான ஜவ்வாது மலையில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியார் ஒரு பெரிய ஆராய்ச்சி நடத்தினர். குடற்புழுப் பரவலை ஊர் முழுவதும் மருந்து கொடுத்து நிறுத்த முடியுமா என்று 2018 முதல் சோதித்தனர். அங்கே காணப்பட்ட புழுக்களில் கொக்கிப்புழுவே முதன்மையானது. பாதத்தின் வழியே கொக்கிப்புழு ஏறும் மண்ணில், அதே வழியில் ஏறும் மற்றதையும் எதிர்பார்க்கவேண்டும் என்பது மருத்துவர் கொள்ளும் நியாயம்.

மாத்திரை கொடுத்தாயிற்றே என்போர்க்கு

2015ஆம் ஆண்டு முதல் தேசிய குடற்புழு நீக்க நாளில் அங்கன்வாடிகளிலும் பள்ளிகளிலும் அல்பெண்டசோல் மாத்திரை வழங்கப்பட்டு வருகிறது. மிக நல்ல காரியம். பஞ்சாயத்து அங்கத்தினர்கள் முன்னின்று நடத்தவேண்டியது. ஆனால் அதன் எல்லையையும் அறிந்திருக்கவேண்டும். ஒரு வயது முதல் பத்தொன்பது வயது வரை உள்ளோருக்கே அது உரியது. உருண்டைப் புழுவையும் கொக்கிப்புழுவையும் அது வெல்லும். ஸ்டிராங்கிலாய்ட்ஸ் புழுவை ஒரே மாத்திரை நம்பத்தக்க அளவில் ஒழிப்பதில்லை. அதற்கு உரியது ஐவர்மெக்டின் என்னும் வேறு மருந்து. இனிச் சொல்லப்போகும் ஓரணு ஒட்டுண்ணிகளில் சிலவற்றுக்கு இம்மாத்திரை எவ்விதப் பயனும் தராது. ஆகையால், மாத்திரை விழுங்கியவருக்கு வயிறு தொடர்ந்து போனால், மாத்திரை வீண் என்று சொல்லவும் கூடாது. நோய் ஒட்டுண்ணியினால் அன்று என்று முடிவு செய்யவும் கூடாது.

சாயம் ஏற்றினால் தெரிபவை

கிரிப்டோஸ்போரிடியம் என்பது புழுவன்று. கண்ணுக்குப் புலப்படாத ஓரணு உயிர். ஒரு மில்லிமீட்டரை இருநூறு பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு எவ்வளவோ அவ்வளவே அதன் முட்டை போன்ற கூட்டின் அளவு. மனிதரிடம் இது முதலில் அறியப்பட்டது 1976ஆம் ஆண்டிலேதான். நல்ல உடலில் ஒன்றிரண்டு வாரம் தண்ணீராகப் போய் நின்றுவிடும். எச்.ஐ.வி. முற்றியவருக்கோ, நாளொன்றுக்குப் பல முறை நீராகவே கழிந்து உடல் வற்றிவிடும். இதற்கு இனமான சிஸ்டோஐசோஸ்போரா, சைக்ளோஸ்போரா என்பனவும், இவற்றினும் மிக நுண்ணிய மைக்ரோஸ்போரிடியா என்பதும் இவ்வகை நோயாளர்களைப் பற்றுவன.

வழக்கமான பரிசோதனையில், மலத்தில் சிறு துளியை உப்பு நீரிலும் அயோடினிலும் கலந்து மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறார்கள். கொக்கிப்புழு முட்டை இதில் தெரியும். கிரிப்டோஸ்போரிடியம் பெரும்பாலும் தெரியாது. ஈஸ்ட் என்னும் காளான் வகையைப்போல் தோன்றி ஏமாற்றிவிடும். அதைக் காண அமில நிலைப்புச் சாயம் ஏற்றவேண்டும். காசநோய்க்காகச் சளியைச் சோதிக்கும்போது ஏற்றும் சாயத்தின் சிறு மாறுதலே அது. நீலம் அல்லது பச்சைப் பின்னணியில் இவ்வுயிர்கள் சிவந்த மணிகளாக எடுத்துக்காட்டப்படும். ஆகவே சளிப் பரிசோதனை செய்யும் கூடத்திற்கு இந்த வேலை அந்நியமன்று. மைக்ரோஸ்போரிடியாவுக்கோ வேறு சாயமும் பழகிய கண்ணும் வேண்டும். அது பெரிய ஆஸ்பத்திரிகளில் நடப்பது.

ஸ்டிராங்கிலாய்ட்ஸ் விஷயத்தில் சிக்கல் வேறு வகை. மலத்தில் அதன் முட்டைகள் தோன்றுவதில்லை; குஞ்சுகளே வரும். அவையும் சில நாள் வரும், சில நாள் வாரா. வரினும் மிகச் சிலவே. ஒரே துளியை ஒரே நாள் பார்த்தால், புழு உள்ளவரிலும் பாதிப் பேருக்குமேல் இல்லை என்றே முடிவு வரும். இதற்காக இரு உபாயங்கள் உள்ளன. மலத்தைச் சல்லாத் துணியில் வைத்து வெதுவெதுப்பான நீர் நிரம்பிய புனலில் பொருந்தினால், உயிருள்ள குஞ்சுகள் நீருக்குள் நீந்தி வந்து அடியில் தங்கும். அடிநீரை எடுத்துப் பார்க்கலாம். மற்றது, கடற்பாசியிலிருந்து செய்யும் அகர் என்ற பாகுத் தட்டில் மலத்தை வைத்து இரண்டு நாட்களோ அதற்கு மேலோ காத்திருப்பது. ஊர்ந்து செல்லும் குஞ்சு, வழியெல்லாம் கிருமிகளை இழுத்துச் சென்று, வண்டிச் சுவடு போன்ற கோடுகளைத் தட்டின்மேல் போட்டுவிடும். கள்வனின் காலடியைக் கொண்டு கள்வனைப் பிடிப்பது போன்றது இது. இரத்தத்தில் எதிர்ப்பொருள் பார்க்கும் சோதனையும் உண்டு. காவல் மிகவும் தளர்ந்த உடலில் அதுவும் சில சமயம் பொய்த்துவிடும்.

இவ்வளவும் விவரித்ததற்குக் காரணம் உண்டு. பரிசோதனைக் கூடத்தார் தேடச் சொன்னதைத்தான் தேடுவார்கள். தேடச் சொல்லவேண்டியவர் டாக்டர். டாக்டருக்கு அந்த எண்ணம் வருவது நோயாளி சொல்லும் செய்தியினால். எத்தனை வாரமாக வயிறு போகிறது, என்னென்ன மருந்து உண்கிறேன், எந்த ஊரிலிருந்து வருகிறேன், வெறுங்காலுடன் வேலை செய்கிறேன் என்ற நான்கையும் நோயாளி தாமாகவே சொல்லவேண்டும். வலிக்காக வாங்கிய பொடியையும் மாத்திரையையும் உறையோடு கொண்டுபோய்க் காட்டுவது மிக நல்லது. நீண்ட காலம் ஸ்டீராய்டு கொடுக்கத் தொடங்குமுன் என்றால், புழு இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமா எனக் கேட்பதில் தவறில்லை.

மாதிரி கொண்டுவரும் முறை

இது பேசுவதற்கு அழகான விஷயமன்று. ஆயினும் பாதிப் பரிசோதனைகள் பயனற்றுப்போவது இங்கேதான் என்று சொன்னால் மிகையாகாது. வாயகன்ற, மூடியுள்ள, உலர்ந்த சுத்தமான டப்பாவில் மலத்தைப் பிடிக்கவேண்டும். சிறுநீரும் தண்ணீரும் கலக்கக்கூடாது. மண் ஒட்டவே கூடாது. மண்ணில் தாமாக வாழும் சிறு புழுக்கள் உண்டு, அவை சேர்ந்துவிட்டால் பார்ப்பவர் மயங்குவார். முதல் நாள் விளக்கெண்ணெய் குடித்துப் பேதி எடுத்தபின் கொண்டுவரும் மலத்தில் எண்ணெய்த் துளிகள் நிறைந்து ஒட்டுண்ணியை மறைத்துவிடும். கிருமிக்கொல்லி மருந்துகளை உண்ணத் தொடங்குமுன் மாதிரி கொடுப்பதே முறை.

ஒரு நாள் போதாது. ஒன்று விட்டு ஒரு நாளாக, பத்து நாட்களுக்குள் மூன்று மாதிரிகளாவது கொடுக்கவேண்டும். ஸ்டிராங்கிலாய்ட்ஸ் ஐயம் வலுத்திருந்தால் இன்னும் கூடுதலாகவும் டாக்டர் கேட்பார். நீராகப் போகும் மலத்தை அரைமணிக்குள் பார்ப்பது சிலாக்கியம். உயிருள்ள குஞ்சுகளைத் தேடும் சோதனைக்கு அன்றன்றைய மலமே தேவை. அதைப் பனிக்கட்டியில் வைத்தால் புழு விறைத்துச் சோதனை கெடும்.

வெள்ளிமலைக்கு அப்பாலுள்ள சிற்றூரார் கச்சிராயபாளையம் வழியாகப் பஸ்ஸில் இறங்கிக் கள்ளக்குறிச்சி சேர்வதற்குள் அந்த அரைமணி எங்கோ கடந்துவிடும். இதை அறிந்தே மூன்று நாள் ஏற்பாட்டை முன்கூட்டிச் செய்துகொள்ளவேண்டும். மலையிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் துளியைப் பார்க்கச் செய்து, மீதியைப் பார்மலின் திரவத்தில் இட்டு அனுப்பினால், சாயம் ஏற்றும் சோதனைக்கு அது கெடாமல் இருக்கும். உயிர்க்குஞ்சுச் சோதனைக்கு நோயாளியே கீழே வந்து தங்கவேண்டும். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டபின், இதற்காக விழுப்புரமும் சேலமும் அலைய வேண்டிய அவசியம் குறைந்திருக்கிறது.

குளோரினும் கொதிநீரும்

பஞ்சாயத்தார் தண்ணீர்த் தொட்டியில் பிளீச்சிங் பவுடர் இட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று கருதுவது இயல்பு. காலரா, டைபாய்டு முதலியவற்றுக்கு அது சரியான காவல். ஒரு நாளும் தவறக்கூடாது. ஆனால் கிரிப்டோஸ்போரிடியத்தின் கூடு குளோரினுக்கு அஞ்சுவதில்லை. 1993ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள மில்வாக்கி நகரில், குளோரின் இட்டு வடிகட்டி வழங்கிய குழாய்த் தண்ணீரின் மூலமாகவே இது பரவி, நான்கு லட்சம் பேர் நோயுற்றனர் என்று மதிப்பிடப்பட்டது. அவ்வளவு வசதியுள்ள நகரத்தின் கதி இதுவானால் ஓடை நீரையும் ஊற்று நீரையும் பற்றிச் சொல்லவேண்டுவதில்லை. நல்லவேளையாக மருந்து நம் அடுப்பிலேயே இருக்கிறது. தளதளவென்று ஒரு நிமிடம் கொதித்த நீரில் அது பிழைப்பதில்லை. வீட்டார் அனைவருக்கும் காய்ச்ச விறகு இல்லையென்றாலும், காவல் தளர்ந்தவர் குடிப்பதற்கு ஒரு செம்பு நீரையேனும் தனியே காய்ச்சி மூடிவைக்கவேண்டும். கன்றுக்குட்டி கழிச்சலுற்றால் அந்தத் தொழுவத்தைச் சுத்தம் செய்யும் வேலையை அவரிடம் விடக்கூடாது.

கண்டறிந்தபின் என்ன என்று கேட்கலாம். சிஸ்டோஐசோஸ்போராவுக்குக் கோட்ரைமாக்சசோல் என்னும் மலிவான மாத்திரையே நன்கு வேலை செய்கிறது. இதைக் கண்டுபிடிக்காமல் ஒருவர் மெலிந்து கிடப்பது பரிதாபத்திலும் பரிதாபம். கிரிப்டோஸ்போரிடியத்திற்கு எதிர்ப்புச் சக்தி இழந்தோரிடம் உறுதியாகப் பலிக்கும் மருந்து இல்லை. எச்.ஐ.வி. உள்ளவருக்குக் கூட்டு மருந்தை ஒழுங்காக உண்டு எதிர்ப்புச் சக்தியை மீட்பதே அதற்கு மருந்து. வயிறு போகிறது என்று அந்த மாத்திரையை நிறுத்திவிடுவோர், நோய்க்குக் கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஒன்றைக் கண்டிப்பாக நினைவில் வைக்கவேண்டும். யாருக்கு எச்.ஐ.வி. என்று விசாரிப்பது அவர்கள் வேலையன்று. 2017ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவருடைய சம்மதமின்றி அதை வெளியிடுவதைத் தடை செய்கிறது. இரண்டு வாரத்திற்கு மேல் வயிறு போகும் எவரும் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள் என்று கிராம சபையில் பொதுவாகச் சொன்னால் போதும். தனிப்பட்ட விவரம் நம்பிக்கை மையத்தாருக்கும் நோயாளிக்கும் இடையே இருக்கட்டும். கட்டிய கழிப்பறை பூட்டிக் கிடக்காமல் பயன்படுவதும், கிழங்கு பறிக்கும் நாளிலும் காலில் செருப்பு இருப்பதும் அவர்கள் முயற்சியால் ஆகக்கூடியவை.

உலக சுகாதார நிறுவனம் 2024ஆம் ஆண்டில் ஒரு யோசனை கூறியிருக்கிறது. பள்ளி வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐவருக்கோ அதற்கு மேலோ ஸ்டிராங்கிலாய்ட்ஸ் காணப்படும் பகுதிகளில், ஐந்து வயது முதல் அனைவருக்கும் ஆண்டுக்கொருமுறை ஐவர்மெக்டின் வழங்கலாம் என்பது அது. அவ்வளவு இருக்கிறதா என்று அறிய முதலில் கணக்கெடுக்கவேண்டும். மற்றக் குடற்புழுக்களைக் கணக்கிடும் வழக்கமான முறையில் இந்தப் புழு அகப்படுவதில்லை. மலை ஊர்ப் பஞ்சாயத்துக்கள் தங்கள் பகுதிக்கு அகர் தட்டு முறையிலோ இரத்தச் சோதனை முறையிலோ ஒரு கணக்கெடுப்பு வேண்டும் எனத் தீர்மானம் நிறைவேற்றி மாவட்டச் சுகாதார அலுவலருக்கு அனுப்புவது பொருத்தமே.

புழு கண்டறியப்பட்டு மருந்து உண்டவர், இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் மறுபடியும் மலத்தைச் சோதித்துக்கொள்ளவேண்டும். அந்த நாளையும், எந்த முறையில் சோதித்தார்கள் என்பதையும் சீட்டின் பின்புறத்தில் எழுதி வாங்கிக்கொண்டு மலையேறுவது நலம்.